‘இன்டர்மீடியட் இங்கிலீஷ்’ கோர்ஸில் 18,500 ரூபாய் போய்விட்டது, நீங்களாவது உஷாராக இருங்கள்

ஆன்லைனில் ஆங்கிலப் பயிற்சி தரும் ஒரு ஆப்பில் 18,500 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுவதால் போடவில்லை. ‘45 நாளில் பி1-லிருந்து பி2’ (ஆங்கிலத் திறனில் ஒரு படியிலிருந்து அடுத்த படி) என்று இன்ஸ்டாவிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் வந்துகொண்டே இருக்குமே, அந்த வகை. இன்று காலையும் இஎம்ஐ என்று 2,500 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மெயில் எழுதுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. ஷேடு, ஜிஎஸ்எம் (துணியின் எடை அளவு), சாம்பிள் அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி என்று தினமும் புழங்குகிற வார்த்தைகள்தான். வீடியோ காலில் பையர் வேகமாகப் பேசும்போதுதான் பாதி பிடிபடாமல் போகும். ஊரில் இருக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்கள் ‘மை நேம் இஸ்’ என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதைத் தாண்டி வந்து, ஆனால் சரளமாக வராமல் நடுவில் நிற்கிறவர்களுக்கு கிராமர், வொகாபுலரி, லிசனிங், ரீடிங் நான்கும் சேர்ந்த பயிற்சி கிடைப்பது கஷ்டம். இவர்கள் சரியாக அதைத்தான் தருவதாகச் சொன்னார்கள்.

முதலில் இலவச டெமோ வகுப்பு. அதில் வந்த ஆசிரியை உண்மையிலேயே அருமையாக நடத்தினார். என்னைப் பற்றிப் பேசச் சொன்னார். ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றேன். சிரிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. ஆரம்பித்த நேரத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’, எவ்வளவு காலம் என்று சொன்னால் ‘ஃபார்’, அன்று தொடங்கி இன்றுவரை நடக்கிற வேலைக்கு ‘ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்று பிரித்துக் காட்டினார். அப்புறம் ஒருவர் ரயில் டிக்கெட்டை மாற்றிக் கேட்கிற சின்ன ஆடியோவைப் போட்டார். “முதல் தடவை விஷயம் என்னன்னு மட்டும் கேளுங்க. ரெண்டாவது தடவை நேரம், பணம், பிளாட்ஃபார்ம் நம்பரைக் கவனிங்க” என்றார். அப்படிக் கேட்டபோது எல்லாமே புரிந்தது. இத்தனை வருஷம் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. இவரிடம் படித்தால் தேறிவிடலாம் என்று அந்த இடத்தில் மனசு முடிவு செய்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ‘கவுன்சலர்’ என்று ஒரு பையன் அழைத்தான். முதலில் மேடம், அடுத்த நிமிஷம் அக்கா. “அக்கா, உங்களுக்கு டெமோ எடுத்த மேம்தாங்க கிளாஸ் எடுப்பாங்க. இந்த ஆஃபர் இன்னைக்கு ராத்திரி வரைக்குந்தாங்க. சீட் ரெண்டுதான் இருக்கு.” மொத்தம் 18,500 ரூபாய். 3,500 யுபிஐயில் அனுப்பச் சொன்னான், மீதி 15,000-க்கு ஆறு மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றான். அந்த ஓடிபியால் என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பதிவானது. கடன் என்ற வார்த்தையே அவன் வாயிலிருந்து வரவில்லை.

லாகின் வருவதற்கே பல நாள் இழுத்தார்கள். உள்ளே போனால் அந்த ஆசிரியை எங்கேயும் இல்லை. நேரடி வகுப்பும் இல்லை, எப்போதோ பதிவு செய்த வீடியோக்கள்தான். வொகாபுலரி என்பது அகர வரிசையில் ஒரு பிடிஎஃப், அர்த்தம் முழுக்க இந்தியில். தமிழ் பேச்சு, தமிழ் விளம்பரம், கடைசியில் கையில் இந்தி அகராதி. லிசனிங்கில் மூச்சு விடாத கம்ப்யூட்டர் குரல். பேசுவது இரண்டு பேர், கேள்வியோ மூன்றாவது ஆள் என்ன சொன்னார் என்று. ரீடிங்கில் தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி. அதை அப்படியே ஒரு இலவச தளத்தில் தேடி எடுத்துவிட்டேன், கேள்விகள் உட்பட.

கிராமர் பயிற்சிதான் என்னைக் கொதிக்க வைத்தது. ‘ஐ ____ ஹியர் ____ ஃபைவ் இயர்ஸ்’ என்று கோடிட்ட இடம். டெமோவில் படித்தபடி ‘ஹேவ் பீன் ஒர்க்கிங்’, ‘ஃபார்’ என்று போட்டேன். தவறு என்று சிவப்பாகக் காட்டியது. சரியான விடை என்று அவர்கள் போட்டிருந்தது ‘ஆம் ஒர்க்கிங்’, ‘சின்ஸ்’. பணம் வாங்குவதற்கு முன்னால் எந்தத் தவறை எனக்குத் திருத்தினார்களோ, பணம் வாங்கிய பிறகு அதையே சரி என்று சொல்லித் தருகிறார்கள்! அடுத்த பக்கத்திலேயே ‘டிஸ்கஸ் அபௌட்’ சரி என்று இருந்தது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். “கன்டென்ட் டீமுக்கு ஃபார்வர்டு பண்ணிட்டோம் மேடம்.” பதில் இல்லை. திரும்பக் கேட்டால், “உங்க லெவல் இன்னும் இம்ப்ரூவ் ஆகணும் மேடம், அதனாலதான் ஆன்சர் தப்பா தெரியுது.” இதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அந்த ஆசிரியை எங்கே என்றால் லீவில் இருக்கிறார், பிறகு வேறு பேட்ச், பிறகு அப்படி யாரும் இல்லை. அக்கா அக்கா என்று கூப்பிட்ட பையன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். பணத்தைத் திருப்பிக் கேட்டால், பணம் கட்டிய நாளிலிருந்து ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். லாகின் தந்ததே அதற்குப் பிறகுதானே என்றால், “பாலிசி அப்படித்தான் மேடம்.” நிதி நிறுவனத்தைக் கேட்டால், கோர்ஸ் எப்படி இருந்தாலும் கடன் கடன்தான், தவணை தவறினால் சிபில் ஸ்கோர் போய்விடும் என்கிறார்கள். 18,500 ரூபாய், என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை.

கோபத்தில் உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டது இது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் என்பது ஐரோப்பிய கவுன்சில் (கவுன்சில் ஆஃப் யூரோப்) 2001-இல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர் என்ற மொழித்திறன் அளவுகோல். பி1, பி2 இரண்டும் இடைநிலை. அந்த கவுன்சில் எந்த கோர்ஸுக்கும் அங்கீகாரம் தருவதில்லை. ஆகவே இவர்கள் விளம்பரத்தில் போட்ட ‘சிஇஎஃப்ஆர் அங்கீகாரம் பெற்ற பி2 சான்றிதழ்’ வெறும் காகிதம். கேம்பிரிட்ஜ் கணக்குப்படி பி1-க்கு சுமார் 350 முதல் 400 மணி நேரப் பயிற்சி, பி2-க்கு 500 முதல் 600. நடுவில் இருக்கிற வித்தியாசம் 100 மணி நேரத்துக்குக் குறையாது. வேலைக்குப் போகிற ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் படித்தாலும் 45 நாளில் எப்படி முடியும்? இதைத் தெரிந்துகொண்டேதான் விற்கிறார்கள்.

பயிற்சி மட்டும் வேண்டும் என்றால் பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் தளத்தில் லெவல் வாரியாக லிசனிங், ரீடிங், கிராமர் எல்லாம் காசில்லாமல் இருக்கிறது, பேசியதை எழுத்திலும் பார்க்கலாம். பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷும் இலவசம்தான். இப்போது நான் அதில்தான் கேட்கிறேன்.

எச்சரிக்கை என்று சொல்ல வந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. டெமோவைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், சாதாரண வகுப்பு ஒன்றையும் விடைகளோடு ஒரு பயிற்சியையும் காட்டச் சொல்லுங்கள். இஎம்ஐ என்றால் யாருடைய கடன் என்று கேளுங்கள், ஓடிபி சொல்லாதீர்கள். ஆன்லைன் கடனில் சிக்கிவிட்டால் ரிசர்வ் வங்கி விதிப்படி ‘கூலிங் ஆஃப்’ காலம் உண்டு, அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி அபராதமில்லாமல் வெளியே வரலாம். எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிவு செய்துவிட்டேன். இதே மாதிரி ஆப்பில் பணம் கட்டி இஎம்ஐயை நிறுத்த முடிந்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், அடுத்த தவணை வருவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.