'ஹீட் சர்வீஸ்' செய்கிறோம் என்று கடைக்காரர் சொன்னால், கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

டெஸ்க்டாப் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். 'சரிசெய்து' கொடுத்தார்கள். சூடு உண்மையாகவே குறைந்திருந்தது. எப்படிக் குறைத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கடையின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்ற எல்லோருக்கும் நற்சான்று கொடுத்தது போல ஆகிவிடும்.

முதலில் பிரச்சினை. மெஷினில் இருப்பது இன்டெல் கோர் ஐ5 10400, ப்ராசஸர் பெட்டியோடு வந்த அதே கூலர். வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் ஃபேன் கத்தும், பாதியில் எல்லாம் திணறும். வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரில் பார்த்தால் கோர்கள் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) 100 டிகிரி, பக்கத்தில் 'தெர்மல் த்ராட்லிங்: யெஸ்'. இந்த ப்ராசஸருக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டிப் போனால் மெஷின் அணைந்துவிடும். ஆகவே கோளாறு நிஜம். ஸ்கிரீன்ஷாட்டோடுதான் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் என் ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறொரு மானிட்டரிங் சாஃப்ட்வேரைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், போர்டுல 127 டிகிரி காட்டுது பாருங்க. போர்டு போயிடுச்சு. ப்ராசஸரும் சேர்ந்து அடி வாங்கியிருக்கும். ரெண்டையும் மாத்திடுறது நல்லது."

இந்த 127-ஐ எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மதர்போர்டில் வெப்பம், ஃபேன் வேகம், வோல்டேஜ் ஆகியவற்றைப் படிக்க ஒரு சிப் இருக்கிறது. அதற்குப் பல சென்சார் இணைப்புகள் உண்டு. போர்டு தயாரிப்பாளர் எல்லாவற்றையும் பயன்படுத்துவதில்லை. எதிலும் இணைக்காமல் விட்ட இணைப்பைச் சாஃப்ட்வேர் படிக்கப் போனால் அபத்தமான எண் வரும். பெரும்பாலும் 'ஆக்ஸ்டின்' என்ற பெயரில் அந்த வரி இருக்கும். எட்டு பிட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127 என்பதால் அடிக்கடி அந்த எண்ணிலேயே வந்து நிற்கும். மெஷின் சும்மா இருந்தாலும், வேலை செய்தாலும் அந்த எண் அசையாது. நிஜமான வெப்பம் அப்படி ஆணி அடித்த மாதிரி நிற்காது.

"127-ல ஓடினா இந்நேரம் ஆஃப் ஆகியிருக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"அதான் சார் சொல்றேன், எப்ப வேணா ஆயிடும்."

போர்டும் வேண்டாம் ப்ராசஸரும் வேண்டாம் என்றதும் பேச்சு இறங்கி வந்தது. அப்படியானால் 'ஹீட் சர்வீஸ்' போட்டுவிடலாம், புதுக் கூலர், நல்ல தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவுவது), பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை சாஃப்ட்வேர்) செட்டிங் எல்லாம் சேர்த்து என்றார்கள். சரி என்றேன். திரும்ப வாங்கும்போது என் கண்முன்னாலேயே, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டிக் காட்டினார்கள். 62 டிகிரி. மறுக்க எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய புராஜெக்டையே எக்ஸ்போர்ட் போட்டேன். சூடாகித் திணறிய காலத்தில் எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்தது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஸ்பீடு 2.9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே இல்லை. 2.9 இந்த ப்ராசஸரின் அடிப்படை வேகம். டர்போவில், அதாவது வேலை வரும்போது ப்ராசஸர் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்போது, ஒற்றைக் கோர் 4.3 வரை போகும், ஆறு கோரும் சேர்ந்து உழைத்தாலும் 4 வரை போக வேண்டும். பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்டில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 99 சதவீதம் என்று வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். இன்டெல் ப்ராசஸர்களில் இதை 100-லிருந்து 99 ஆக்கினால் டர்போ மொத்தமாக அணைந்துவிடும். டர்போ போனால் வேகத்தோடு வோல்டேஜும் இறங்கும். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் சூடு சடாரென்று விழும். எந்தக் கூலரையும் தொடாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய வேலை. தெரிந்து செய்தால் இதில் குற்றமில்லை, சத்தம் வேண்டாம் என்று சிலர் விரும்பியே வைத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் செய்துவிட்டுப் புதுக் கூலருக்குக் காசு வாங்கினால் அதற்கு வேறு பெயர்.

கேபினெட்டைத் திறந்தேன். பில்லில் எழுதிய புதுக் கூலர் இல்லை. விளிம்பில் பழைய கீறலோடு என் கூலரேதான், தூசி மட்டும் ஊதப்பட்டிருந்தது. நான்கு புஷ் பின்களில் ஒன்று போர்டில் இறங்காமல் மேலே நின்றுகொண்டிருந்தது. இந்த வகைக் கூலரில் வெள்ளைக் கால் ஓட்டைக்குள் முழுசாக இறங்க வேண்டும், நடுவில் உள்ள கறுப்புக் குச்சி அதை விரித்துப் பிடிக்க வேண்டும், 'டிக்' என்று கேட்க வேண்டும். ஒன்று கழன்றால் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், ப்ராசஸர்மேல் ஒழுங்காக உட்காராது. முழுக் கோளாறும் அதுதான். அடியில் இருந்த பேஸ்ட் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பேஸ்ட் கொஞ்சம் வைத்து, பின்களை மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்தி உட்கார வைத்தேன். செட்டிங்கை 100-க்கு மாற்றினேன். டர்போவோடு முழு வேலையிலும் எழுபதுகளிலேயே நிற்கிறது.

கடைக்கு போன் செய்தேன். பதில்: "சார், ஹீட் குறைக்கச் சொன்னீங்க, குறைச்சுக் குடுத்துட்டோம்." கூலரைப் பற்றிக் கேட்டதும் லைன் கட். பில்லிலும் கூலரின் பிராண்டோ மாடலோ கிடையாது, 'ஹீட் சர்வீஸ், கூலர் உட்பட' என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிரூபிப்பது?

இனி, கடைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியது. வெப்பம் எவ்வளவு என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தொடங்கிய ஓரிரு விநாடியில் நாற்பதிலிருந்து தொண்ணூறுக்குப் பாய்ந்தால், சூடு ப்ராசஸரிலிருந்து கூலருக்கே போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்: கழன்ற பின், காய்ந்த பேஸ்ட், கூலரின் அடியில் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாள் (சிரிக்காதீர்கள், நிறையப் பேர் விடுகிறார்கள்). லிக்விட் கூலராக இருந்தால் பம்ப் நின்றாலும் கூலருக்குப் போன சூடு அங்கேயே தங்கி வேகமாக ஏறும். பம்பின் ஆர்பிஎம் (சுழலும் வேகம்) பூஜ்யமா என்று பாருங்கள். அப்படியில்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் கேபினெட்டுக்குள் காற்று ஓடவில்லை, அல்லது ஹீட் சிங்க் (கூலரின் உலோகத் தகடுகள்) இடுக்கில் தூசி அடைத்திருக்கிறது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்து அதே டெஸ்டை ஓட்டுங்கள்; வெப்பம் நன்றாக இறங்கினால் காற்றோட்டம்தான். எந்த வேலையும் கொடுக்காமலே சூடாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பின்னணியில் எது ப்ராசஸரைத் தின்கிறது என்று பாருங்கள்.

பயாஸ் திரையில் காட்டும் வெப்பத்தை வைத்தும் பயமுறுத்துவார்கள். அங்கே ப்ராசஸர் ஓய்வு நிலைக்குப் போவதில்லை, விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசை வைத்திருப்பவர்களிடம் 95 டிகிரியைக் காட்டி மிரட்டுவது இன்னும் சுலபம். கனமான வேலையில் 95 வரை போய் அங்கேயே ஓடும்படிதான் அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கேபினெட்டின் உட்புறத்தைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். மாற்றுகிற பொருளின் பிராண்டும் மாடலும் பில்லில் வரட்டும், பழையதைத் திருப்பிக் கேளுங்கள். ப்ராசஸரின் வேகத்துக்கு ஸ்கோர் போடும் சினிபெஞ்ச் போன்ற சாஃப்ட்வேர் ஒன்றை முன்னாலேயே ஓட்டி ஸ்கோரைக் குறித்துக்கொண்டு, திரும்ப வாங்கும்போது அவர்கள் முன்னாலேயே மறுபடி ஓட்டுங்கள். டிகிரியோடு கிகாஹெர்ட்ஸையும் சேர்த்துப் பாருங்கள். டர்போவை பயாஸிலேயே அணைத்துவிட்டால் விண்டோஸ் செட்டிங்ஸில் எவ்வளவு தேடினாலும் சிக்காது. அதனால் பயாஸுக்குள்ளும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால், அதை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.