நண்பர்களுக்குள் பௌலிங் போட்டி: கூடங்களின் குழு பேக்கேஜ் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

குழுவாக வருபவர்களுக்கென்று பௌலிங் கூடங்கள் விற்கும் பார்ட்டி பேக்கேஜ் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போதும். எட்டுப் பேர் கூடி, யார் கை ஓங்குகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் அதை வாங்காதீர்கள். பெரும்பாலும் பேக்கேஜில் விற்கப்படுவது நேரம். போட்டிக்கு வேண்டியதோ முழு ஆட்டங்கள். பல கூடங்களில் நேரம் முடிந்ததும் கணக்குக் காட்டும் திரை தானாக அணைந்துவிடும். கடைசி ஆள் ஆட்டத்தின் கடைசிச் சுற்றான பத்தாவது ஃப்ரேமில் நிற்கும்போது அது நடந்தால் அன்றைய கணக்கு முழுவதும் பாழ்.

ஒருவர் ஓர் ஆட்டத்தை முடிக்கச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும். ஒரு லேனில் (பந்து உருளும் தடத்தில்) நால்வர் என்றால் ஆட்டத்துக்கு 40 நிமிடம்; புதியவர்கள் இருந்தால் 50. எட்டுப் பேர், இரண்டு லேன், தலைக்கு மூன்று ஆட்டம் என்றால் இரண்டு மணி முதல் இரண்டரை மணி நேரம் வரை பிடிக்கும். பேக்கேஜ்களில் ஒரு லேனுக்கு ஆறு பேர் வரை அடைப்பார்கள். அப்போது ஓர் ஆட்டமே ஒரு மணி நேரம் இழுக்கும். முறைக்கு முறை உட்கார்ந்து கை ஆறிப்போய், இரண்டாம் ஆட்டத்தில் எல்லாருடைய எண்ணும் இறங்கும். ஆகவே ஆட்டக் கணக்கில் கட்டணம், பக்கத்துப் பக்கத்து லேன்கள், லேனுக்கு நால்வர். இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளும் கூடமே போட்டிக்கு உகந்தது.

அடுத்துக் கேட்க வேண்டியது, பின்களை (பந்தால் வீழ்த்த வேண்டிய பத்துக் குப்பி வடிவக் கட்டைகளை) நிறுத்துவது எந்த இயந்திரம் என்று. பின்கள் தனியாக நின்று விழும் பழைய வகை ஒன்று. ஒவ்வொரு பின்னின் தலையிலும் கயிறு கட்டித் தூக்கி நிறுத்தும் வகை மற்றொன்று. கயிற்று வகைக்குப் பராமரிப்பும் மின்சாரமும் குறைவு என்பதால் கூடங்களுக்கு அது பிடிக்கிறது. ஆடுபவருக்கு வித்தியாசம் உண்டு: கயிறு பின்னை இழுத்துப் பிடிப்பதால் அது உருண்டு போய் மற்றவற்றைச் சாய்ப்பது குறைகிறது, முதல் பந்திலேயே பத்தும் விழும் ஸ்ட்ரைக்கும் குறைகிறது. மறுபக்கம், ஒரு பின்னின் கயிறு பக்கத்துப் பின்னை இழுத்துத் தள்ளிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் பௌலிங் விதிகளை வகுக்கும் அமைப்பான யு.எஸ். பௌலிங் காங்கிரஸே 2023 முதல் இதைத் தனி வகையாகத்தான் சான்றளிக்கிறது. நண்பர்கள் ஆட்டத்துக்கு இது குறையில்லை. ஆனால் அங்கே எடுத்த எண்ணையும் மற்ற வகையில் எடுத்த பழைய எண்ணையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. கயிறுகள் சிக்கிக்கொண்டால் இயந்திரம் தானே பிரித்துக்கொள்ளும் வரை பொறுங்கள்; பின்களுக்கு முன்னால் இறங்கும் தடுப்புத் தட்டு மேலே ஏறுமுன் பந்தை விட்டால் உடைவது அந்தத் தட்டுதான்.

கூடத்துப் பந்துகளை நிறம் பார்த்து எடுக்க வேண்டாம். எந்த நிறத்துக்கு எந்த எடை என்பது கூடத்துக்குக் கூடம் மாறும். பந்தின் மேல் இருக்கும் எண்தான் பவுண்டு. உச்ச வரம்பு 16. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது தொடக்கத்துக்கு நல்ல கணக்கு, மூன்று ஆட்டம் ஆடப்போகிறவர் அதிலும் ஒரு பவுண்டு குறைக்கலாம். எடையைவிடக் கட்டைவிரல் துளைதான் அதிகம் படுத்தும். இறுக்கமாக இருந்தால் விரல் சிக்கிப் பந்து தாமதமாகக் கழன்று லேனில் பொத்தென்று விழும். தளர்ந்திருந்தால் பிடி நழுவாமல் இருக்க ஆள் பந்தை நெரிப்பார், மணிக்கட்டு திரும்பும், பந்து லேன் ஓரப் பள்ளமான கட்டருக்குப் போகும். கட்டைவிரலை முழுதாக நுழைத்து, மற்ற இரு விரல்களை (நடுவிரல், மோதிரவிரல்) அவற்றின் துளைகளின் மேல் படுக்கவைத்துப் பாருங்கள். அவற்றின் இரண்டாவது மூட்டு, துளையின் கட்டைவிரல் பக்க விளிம்பை ஒட்டி வர வேண்டும். பெரும்பாலான கூடங்களின் பந்துகள் பிளாஸ்டிக் உறை கொண்டவை, அதிகம் வளையாமல் நேராக ஓடும். அதனால் 60 அடி தள்ளி நிற்கும் பின்னைப் பார்க்காமல், ஆடுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து 12 முதல் 16 அடிக்குள் பதித்திருக்கும் ஏழு அம்புக்குறிகளில் ஒன்றைப் பார்த்து விடுவதே பலன் தரும்.

வாடகைக் காலணியில் கவனிக்க வேண்டியது அடிப்பாகம். குடிக்கும் இடத்தில் சிந்திய நீர் பட்டால் அது தரையில் ஒட்டிக்கொண்டு, வழுக்கிப் போக வேண்டிய கடைசி அடியில் ஆளைக் கவிழ்க்கும். ஃபவுல் கோட்டைத் தாண்டினால் லேனில் பூசியிருக்கும் எண்ணெய் வழுக்கிவிடும். அதனால் கோட்டைத் தாண்டினால் எரியும் ஃபவுல் விளக்கு இருக்கும் கூடத்தில் அதைப் போடச் சொல்லுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்தான் முதலில் விழுவார்.

திரையில் கணக்கு தானாக வருவது பெரிய வசதி. ஸ்ட்ரைக்குக்குப் பத்துடன் அடுத்த இரண்டு பந்து, இரண்டு பந்தில் பத்தும் விழும் ஸ்பேருக்குப் பத்துடன் அடுத்த ஒரு பந்து என்று யாரும் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் கருவி அவ்வப்போது ஒரு பின்னைக் கூடவோ குறையவோ எண்ணும். திருத்தும் பொத்தான் இருக்கிறது. அடுத்த பந்து போவதற்குள் அழுத்துங்கள். ஆடி அசைந்தும் சாயாமல் நின்றுவிட்ட பின்னை விழுந்ததாக எண்ணக் கூடாது. இயந்திரம் தட்டிச் சாய்த்ததும் அப்படியே.

கூடங்கள் தாமாகக் கைகொடுக்காத இடம் ஹேண்டிகேப், அதாவது பலவீனமானவருக்குச் சேர்த்துக் கொடுக்கும் கூடுதல் எண். அது இல்லாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடும். 200லிருந்து ஒருவரின் சராசரியைக் கழித்து, வருவதில் 80 சதவீதத்தை ஒவ்வோர் ஆட்டத்திலும் சேர்ப்பது வழக்கமான முறைகளில் ஒன்று. சராசரி 90 என்றால் 88 கிடைக்கும். 140 என்றால் 48. இருவருக்கும் நடுவில் 50 பின் இருந்த இடைவெளி பத்தாகச் சுருங்குகிறது. கெட்டிக்காரருக்குச் சிறு சாதகம் மிச்சமிருக்கிறது. சராசரி தெரியாதவர்களுக்கு முதல் ஆட்டத்தையே அளவுகோலாக வைத்து அடுத்த இரண்டுக்கு ஹேண்டிகேப் கொடுக்கலாம். இதில் ஓட்டை உண்டு: முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே பத்துப் பின்னை விட்டவருக்கு அடுத்த இரண்டில் 16 திரும்பி வரும். முதல் ஆட்டத்தை மொத்தத்தில் சேர்த்தாலும் ஆறு லாபம்தான். விழுக்காட்டை 50 ஆக்கினால் லாபம் பூஜ்யமாகும், ஆனால் பலவீனமானவருக்கு வாய்ப்பும் போய்விடும். முதல் ஆட்டத்தின் உச்ச எண்ணுக்குத் தனிப் பரிசு வைத்து, ஹேண்டிகேப்புக்கு 80 என்று உச்ச வரம்பு போடுவதே மேல். பல கூடங்களில் கவுண்டரில் சொன்னால் இந்த எண்ணைத் திரையிலேயே ஏற்றித் தருவார்கள். எதற்கும் ஒரு தாளும் இருக்கட்டும்.

பந்து கட்டருக்குப் போகாமல் தடுக்கும் பம்பரைப் பல கருவிகள் ஆளுக்கு ஆள் ஏற்றி இறக்கும். முதல் ஆட்டத்தில் பம்பருடன் ஆடியவர் கடைசி வரை பம்பருடனே ஆட வேண்டும், இல்லையென்றால் அவர் ஹேண்டிகேப் பொய்யாகிவிடும். ஆட்டத்துக்கு ஒருமுறை லேன்களை மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய் இரண்டிலும் ஒன்றுபோல இருக்காது. சமநிலை வந்தால் இருவரும் பத்தாவது ஃப்ரேமை மட்டும் மறுபடி ஆடினால் போதும். அதற்கான ஐந்து நிமிடத்தையும் முன்பதிவின்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.