"டார்கெட் அளவு"ல ப்ளவுஸ் தைக்கிறோம்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க - 7,800 ரூவா போன கதை

ராம்நாடு, உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இருக்குற நாப்பத்தஞ்சு தாண்டுன அக்கா தங்கச்சி மதினிமாருக்காகத்தான் இத எழுதுறேன். கடை பேர் போடல, கேக்காதீங்க, கம்ப்ளைன்ட் இன்னும் ஓடிட்டு இருக்கு. ஆனா என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லிடுறேன், ஏன்னா இதே பேச்ச இப்ப ரெண்டு மூணு கடைல பேசுறதா கேள்விப்பட்டேன்.

எனக்கு 49 வயசு. மண்டபத்துல ஒரு நண்டு கம்பெனில கணக்கு எழுதுறேன். போன ஆவணில எங்க அண்ணன் மகளுக்கு கல்யாணம், நாந்தான் ஒத்த அத்தை, அப்ப நான் எப்படி நிக்கணும் சொல்லுங்க. ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம்ங்கிறதால கம்பெனில வேலை கம்மி, சரி இந்த சமயத்துலயே ப்ளவுஸ குடுத்துருவோம்னு ஜூன் மொத வாரம் பஸ் ஏறி ராம்நாடு போனேன். எப்பவும் உச்சிப்புளில ஒரு லாத்தாகிட்டத்தான் (முஸ்லிம் அக்காவ இங்க அப்படித்தான் கூப்புடுவோம்) தைப்பேன், இருபத்தஞ்சு வருசமா. இந்த தடவ ஆரி வொர்க், அதான் கொக்கி ஊசில போடுற எம்ப்ராய்டரி, வேணும்னு மதினி சொன்னாங்க, லாத்தா ஆரி போட மாட்டாங்க, அதான் கடை மாத்துனேன். அங்க ஆரம்பிச்சுச்சு ஏழரை.

கடை நல்லா ஏசி போட்டு, கண்ணாடி வச்சு, நம்மள உக்கார வச்சு ஜூஸ்லாம் குடுத்தாங்க. ஒரு பொண்ணு டேப்ப எடுத்து அளந்துச்சு. அளந்துட்டு நம்பர வாயால சொல்லல பாருங்க, அது ஓனரம்மாவ ஒரு பார்வ பாத்துச்சு, அவங்க என்னைய ஒரு பார்வ பாத்தாங்க. அந்த பார்வைலயே நான் பாதி செத்துட்டேன். அப்புறம் ஓனரம்மா பக்கத்துல வந்து, "மேம் முகம்லாம் சூப்பரா இருக்கு, இந்த மேல் வயிறும் முதுகு மடிப்பும் மட்டும்தான், கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்குல்ல, நாங்க பிரைடல் ஃபேமிலி பேக்கேஜ் பண்றோம், டார்கெட் அளவுல தைப்போம், நீங்க அதுக்குள்ள அந்த அளவுக்கு வந்துருவீங்க, எத்தன பேருக்கு பண்ணிருக்கோம்"னு சொல்லி செல்போன்ல போட்டோவா காட்டுறாங்க. முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடி. யாரோ வடக்க உள்ள பொம்பளைங்க மாதிரி இருந்துச்சு, அப்ப எனக்கு உறைக்கல.

பேக்கேஜ் என்னன்னா, ஆரி வேலையோட ப்ளவுஸ் 3,800, சேலைக்குள்ள போடுற ஷேப்வேர் 1,400, காலைலயும் ராத்திரியும் வெந்நீர்ல கலந்து குடிக்கிற பவுடர் ரெண்டு டப்பா 2,600. மொத்தம் 7,800, முழுசா அட்வான்ஸ். நான் ஏமாளி இல்லங்க, தெனமும் லட்சக்கணக்குல கணக்கு பாக்குறவ, ஒரு கிலோ நண்டு எடை கொறஞ்சா கண்டுபிடிச்சு ஏஜென்ட நிக்க வச்சு கேப்பேன். ஆனா அன்னிக்கு கண்ணாடி முன்னாடி நின்னப்ப எனக்கு ஒரே நெனப்புதான், கல்யாண வீடியோல முதுகு தெரியுமேன்னு. ஜிபே பண்ணிட்டேன்.

இந்த எடத்துல உடம்பு பத்தி கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி நான் ஏன் மயங்குனேன்னு ஒங்களுக்குப் புரியாது. ரெண்டு வருசமா சாப்பாடு அதே சாப்பாடுதான், ஆனா எடை ஏறல, எடம் மாறுது. தொடைல இருந்தது வயித்துக்கு வந்துருச்சு, கை தடிச்சுருச்சு, பழைய ப்ளவுஸ் எல்லாம் கைல வந்து நிக்கும். மாசாமாசம் வர்றது ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, நாலு மாசத்துக்கு ஒருக்கான்னு ஆயிருச்சு. ராத்திரி திடீர்னு காதுலேந்து கழுத்து வரைக்கும் நெருப்பு வச்ச மாதிரி எரியும், அஞ்சு நிமிசத்துல தொப்பலா நனைஞ்சு போவேன். எங்கம்மாவும் இந்த வயசுல சாயங்காலமானா வாசல்ல உக்காந்து முந்தானையால விசிறிக்கிட்டே இருக்கும், கேட்டா "கடக்காத்து நின்னுபோச்சுடி"ன்னு சொல்லும். காத்து வீசிக்கிட்டுதான் இருக்கும். அது ஏன்னு இப்பதான் தெரியுது.

சரி கதைக்கு வர்றேன். அந்த ஷேப்வேர். தொடைலேந்து நெஞ்சுக்கு கீழ வரைக்கும் ரப்பர் மாதிரி ஒண்ணு, அத மாட்டுறதுக்கே இருவது நிமிசம், வேர்த்து ஊத்தும். ஏசி ஹால்ல ரெண்டு மணி நேரம் போட்டா ஒருவேளை சரியா இருக்குமோ என்னமோ. நம்ம ஊரு புழுக்கத்துல, ஒரு பக்கம் பாக் விரிகுடா ஒரு பக்கம் மன்னார் வளைகுடான்னு ரெண்டு பக்கமும் உப்புக்காத்து அடிக்கிற எடத்துல, அதப் போட்டுக்கிட்டு "தெனமும் ஆறு மணி நேரம் போடுங்க மேம், செட் ஆயிரும்"னு சொன்னத நம்பி நானும் ஆபீசுக்குப் போட்டுக்கிட்டு போனேன். மூணாவது நாள் பஸ்ல அந்த எரிச்சல் வந்துருச்சு. உள்ள நெருப்பு, வெளிய ரப்பர். மண்டபம் வர்றதுக்குள்ள எறங்கி ஒரு டீக்கடை பின்னாடி போயி அந்த கருமத்த கழட்டி கைப்பைல திணிச்சேன், வீட்டுக்கு வந்து பாத்தா இடுப்பச் சுத்தி வேர்க்குரு, வரி வரியா செவப்பு. சாப்ட்டா நெஞ்செரிச்சல் வேற. இத்தனைக்கும் கடைல அளவு சார்ட்ல எனக்கு உள்ளத விட ஒரு சைஸ் கம்மியாத்தான் குடுத்துருக்காங்க, அப்பத்தான் இறுக்கமா புடிக்குமாம்.

பவுடரு அஞ்சு வாரம் குடிச்சேன். 71 கிலோ இருந்தது 69 ஆச்சு, அதுக்கு மேல நகரல. ஆனா தூக்கம் போச்சு, நெஞ்சு படபடன்னு அடிக்கும், கணக்கு எழுதும்போது கை நடுங்குது. வீட்டுக்காரர்தான் சத்தம் போட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாரு. அந்த டாக்டரம்மா டப்பாவ வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுல 14 இலக்க ஃபசாய் நம்பர் எங்கம்மா?"ன்னாங்க, அதான் உணவுப் பொருளுக்கு உள்ள லைசென்ஸ் நம்பர். இல்ல. தயாரிச்ச ஊரு இல்ல, உள்ள என்ன இருக்குங்குறதுக்கு "ஹெர்பல்"னு ஒரே வார்த்தை. எடை குறைக்கிற பொடியில சிபுட்ராமின்ங்கிற மருந்த கலந்து விக்கிறது உலகம் பூரா பிடிபட்டுருக்காம், இதயத்துக்கு ஆபத்துன்னு 2011லயே நம்ம நாட்டுல அத தடை பண்ணிட்டாங்களாம். "ஒங்க டப்பால அது இருக்குன்னு நான் சொல்லல, என்ன இருக்குன்னே தெரியாதத குடிக்காதீங்கன்னு சொல்றேன்"னு சொன்னாங்க. பிரஷர் பாத்து, தைராய்டுக்கு ரத்தம் எடுத்தாங்க, தைராய்டு நார்மல். அப்புறம் ஒக்கார வச்சு பொறுமையா சொன்னாங்க, ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பளைங்க ஹார்மோன் கொறையும்போது கொழுப்பு வயித்துப் பக்கம் சேரும், அது எல்லாருக்கும் வர்றது, நம்ம நாட்டுல சராசரியா 46, 47 வயசுல மாதவிடாய் நிக்குது, தொடர்ந்து 12 மாசம் வரலன்னாத்தான் நின்னுருச்சுன்னு கணக்கு, அப்படி நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் ஒடனே வந்து காட்டணும்னு. இத யாரும் எனக்கு 49 வயசு வரைக்கும் சொல்லல பாருங்க. 7,800 குடுத்து தெரியாதத அஞ்சு ரூவா சீட்டுகூட வாங்காம தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப ப்ளவுஸ். "ஆடி ஆஃபர் ரஷ் மேம், ஆரி மாஸ்டர் ஊருக்குப் போயிட்டாரு மேம்"னு இழுத்து இழுத்து கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம் கைல குடுத்தாங்க. ட்ரையல் பாக்குறேன்னா, ரூம்ல வேற ஆள் இருக்காங்க, வீட்ல போயிப் பாருங்க மேம்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து போட்டா கை முழங்கைக்கு மேல ஏறல. எப்படியோ ஏத்துனா முன்னாடி ஹூக்குக்கும் ஹூக்குக்கும் நடுவுல நாலு வெரக்கட எடைவெளி. எம்பொண்ணு சிரிக்கவா அழவான்னு தெரியாம நின்னுச்சு. நான் அழுதுட்டேன், உண்மையச் சொல்றேன்.

போன் போட்டா ஓனரம்மா குரல் மாறிப்போச்சு. "நீங்க டார்கெட்டுக்கு வரல மேம், பவுடர் ஒழுங்கா எடுத்தீங்களா, தப்பு எங்க பக்கம் இல்ல, பில்லுலயே போட்டுருக்கோம் நோ ரிட்டன் நோ ரீஃபண்ட்"னு. அதாவது ப்ளவுஸ் சின்னதாப் போகல, நாந்தான் பெருசாப் போயிட்டேனாம்.

மறுநாள் விடியக்காலம் உச்சிப்புளி லாத்தா வீட்டு வாசல்ல போயி நின்னேன். என்னைய பாத்த ஒடனே, "ஆரிக்காரி கைவிட்டுட்டாளா?"ன்னாங்க. ப்ளவுஸ உள்பக்கம் திருப்பி லைட்டுல புடிச்சாங்க. நம்ம டெய்லருங்க எப்பவும் ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணரை இஞ்சு துணிய உள்ள விட்டு, ரெண்டு மூணு வரிசை தையல் போட்டு வச்சுருப்பாங்கள்ல, உடம்பு போட்டா ஒரு வரிசையப் பிரிச்சா போதும். இதுல துணியே விடல, கால் இஞ்சுல ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடிச்சு வச்சுருக்கு. கைலயும் கல்லு வேலைய தையல் ஓரம் வரைக்கும் இழுத்துட்டாங்க, பிரிச்சா கல்லு கொட்டும். ப்ளவுஸ் பிட்டுல மிச்சத் துணி எங்கன்னு லாத்தா கேட்டாங்க, நான் ஏற்கனவே கடைல கேட்டுட்டேன், "வேஸ்ட் மேம், போட்டுட்டோம்"னு சொல்லிட்டாங்க. பட்டுத் துணி, வேஸ்ட்டாம்.

லாத்தா என்ன பண்ணாங்க தெரியுமா, சேலைய விரிச்சு இடுப்புல சொருகுற முனைலேந்து நாலு இஞ்சு அகலத்துக்கு ஒரு பட்டிய வெட்டுனாங்க. எனக்கு ஈரக்கொலை நடுங்குச்சு, பட்டுச்சேலைல கத்திரி வைக்கிறாங்களே. "உள்ள போறதுதான, யாரு பாக்கப்போறா"ன்னுட்டு, ரெண்டு பக்கமும் அக்குள்லேந்து இடுப்பு வரைக்கும் அந்தப் பட்டிய வச்சு, கைக்கு அடிப்பக்கமும் ஒரு துண்டு குடுத்து, லைனிங் துணிய மொதல்ல தண்ணில நனைச்சு காய வச்சு அப்புறம் சேத்து, மத்தியானம் மூணு மணிக்கு குடுத்தாங்க. அளக்கும்போது, "நாப்பத்திரெண்டு"ன்னு சத்தமா சொல்லி நோட்டுல எழுதுனாங்க. அதே நோட்டு வரிசைல எம்பேருக்கு பக்கத்துல 34, 36, 38ன்னு அடிச்சு அடிச்சு எழுதிருக்கு. ஒரு பார்வையும் கெடையாது, பெருமூச்சும் கெடையாது. "அடுத்து யாரு, வா"ன்னு கூப்புட்டுட்டாங்க. எனக்கு அங்கனதான் உள்ள இறுகிக் கெடந்தது விட்டுச்சு.

கல்யாணத்துல அதப் போட்டுக்கிட்டு நல்லா குனிஞ்சு நிமுந்து சீர் தட்டு தூக்குனேன், பந்தில உக்காந்து ரெண்டு தடவ பாயாசம் வாங்கி குடிச்சேன். ராமேஸ்வரத்துலேந்து புது பாம்பன் பாலத்துல ரயிலேறி வந்த சித்தி, "பக்கத்துல வேற கலர் பட்டி வச்சுருக்கியே, புது மாடலா?"ன்னுச்சு. ஆமா சித்தின்னுட்டேன். வீடியோல முதுகு தெரியுது, மடிப்பும் தெரியுது, கெடக்கட்டும். மண்டபத்துல பாசி எடுக்கப் போற பொம்பளைங்களப் பாத்துருக்கேன், அறுவது வயசுல சேலைக்கு மேல புருசன் சட்டைய மாட்டிக்கிட்டு, வெரல்ல துணி சுத்திக்கிட்டு கடல்ல முங்குவாங்க, அவங்ககிட்ட போயி டார்கெட் அளவுன்னு எவளாவது சொல்லட்டுமே பாப்போம்.

காசு விசயம். அண்ணன் மகன் வக்கீலுக்குப் படிக்கிறான், அவன்தான் வழி சொன்னான். நோ ரிட்டன்னு பில்லுல அச்சடிச்சா செல்லும்னு நம்ம நெனைக்கிறோம்ல, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல குறை உள்ள பொருளையோ சேவையையோ பில்லுல போட்ட நாளுக்குள்ள, நாள் போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்து காசு குடுக்க மறுக்குறதே தப்பான வியாபாரம்னு இருக்காம். 1915ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டேன், தமிழ்லயே பேசலாம், புகார் நம்பர் குடுத்தாங்க. பத்து நாள்ல கடைலேந்து 4,000 ஜிபே வந்துச்சு, பவுடருக்கும் ஷேப்வேருக்குமாம். ப்ளவுஸ் காசு தர மாட்டேன்னு நிக்கிறாங்க. அதுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடப்போறேன், 5 லட்சம் வரைக்கும் உள்ளதுக்கு ஃபீஸ் இல்ல, வக்கீலும் கட்டாயம் இல்ல, ரெண்டு வருசம் டைம் இருக்கு.

என்கிட்ட உள்ள பெரிய ஆதாரமே அந்த ரோஸ் கலர் அளவுச் சீட்டுதான். பேனால 42ன்னு எழுதி, அத அடிச்சுட்டு பக்கத்துல பென்சில்ல "டா 38"ன்னு எழுதிருக்கு, "டா"ன்னா டார்கெட். அன்னிக்கு சும்மா செல்லுல போட்டோ எடுத்து வச்சேன், அதுதான் இப்ப பேசுது. நீங்களும் எந்தக் கடைல குடுத்தாலும் அந்தச் சீட்ட எடுத்து பாருங்க, அளந்த நம்பரும் எழுதுன நம்பரும் ஒண்ணான்னு கேளுங்க, உள்ள எவ்வளவு துணி விடுறீங்கன்னு கேளுங்க, மிச்சப் பிட்ட கேட்டு வாங்குங்க, முழுக்காசையும் ட்ரையல் பாக்காம குடுக்காதீங்க. ப்ளவுஸ் தைக்கிற கடைல பவுடர் டப்பா அடுக்கி வச்சுருந்தா ஜூஸ் குடிக்கிறதுக்குக்கூட உக்காராதீங்க.

நேத்து அந்தக் கடை வாட்ஸப் ஸ்டேட்டஸ மதினி அனுப்பிவிட்டாங்க. டெலிவரிக்கு முன்னாடி எடுத்த போட்டோ போல, என் ப்ளவுஸ ஒரு பொம்மைக்கு மாட்டி "ஹேப்பி கஸ்டமர்"னு போட்டு ரெண்டு ஹார்ட் விட்டுருக்காங்க. பொம்மைக்கு நல்லா ஃபிட்டாத்தான் இருக்கு.