ஒரு பழைய ஜூம், இரண்டு க்ளிப் லென்ஸ், ஐந்து வருடம்: பட்டாம்பூச்சி பார்த்த கணக்கு

2020 ஊரடங்கில் மொட்டை மாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, கருவேப்பிலைச் செடியில் காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டதும் தலையைத் தூக்கி, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி, ஒரு நாற்றம் விட்டது. காமன் மார்மன் என்ற பட்டாம்பூச்சியின் புழு என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்று போனில் எடுத்த படத்தை இப்போது பார்த்தால் பச்சைக் கறைதான் தெரிகிறது.

அதற்குப் பிறகு வாங்கியவை: பழைய கேமரா பாடி ஒன்று, இரண்டாம் கையாக 55-250 மிமீ ஜூம், அதன் முகப்பில் க்ளிப் போல மாட்டும் 8 டயாப்டர் (லென்ஸின் சக்தியைச் சொல்லும் எண்) க்ளோசப் லென்ஸ். மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணம் இல்லை. இன்றுவரை வாங்கவும் இல்லை. ஐந்து வருடம் இதைத் தூக்கிக்கொண்டு கோவையைச் சுற்றி மருதமலை அடிவாரம், கல்லாறு என்று அலைந்ததில் எது உழைத்தது, எது பையிலேயே தூங்கியது என்று எழுதுகிறேன்.

முதல் தப்பு 8 டயாப்டர். எண் பெரிதாக இருந்தால் படமும் பெரிதாக வரும் என்று வாங்கினேன், வரத்தான் செய்தது. ஆனால் அதை மாட்டினால் பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே சுமார் 12 சென்டிமீட்டர்தான் இருக்கும், அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே. அந்த தூரத்தில் எந்தப் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருக்கும்? ஒரு வருடம் காலிப் பூக்களைப் படமெடுத்தேன். பிறகு 4.8 டயாப்டர் வாங்கினேன். அதில் தூரம் ஒரு சாண் கிடைக்கிறது. ஜூமை எவ்வளவு இழுத்தாலும் அந்தத் தூரம் மாறாது, உருவம் மட்டும் பெரிதாகும். புல்லோடு பறக்கும் கிராஸ் ஜூவல் போன்ற நகத்தளவு பூச்சிக்கு இது போதும். கிரிம்சன் ரோஸ், புளூ டைகர் போன்ற பெரிய பட்டாம்பூச்சிகளுக்கு க்ளோசப்பே வேண்டாம், வெறும் ஜூமே ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

லென்ஸ் துளை f/8 அல்லது f/11, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 800. பெரும்பாலும் இதிலேயே ஓட்டுகிறேன். கிட்டப் போகப் போகக் கூர்மையாக விழும் ஆழம் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அதனால் மூடிய சிறகுக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு நுனி மங்கிவிடும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு உடம்பு சூடேறாமல் வெயில் காய்கிற நேரம்தான் நமக்கு நல்லது. நம் நிழல் மேலே விழுந்தால் போச்சு.

இனி பெயர் கண்டுபிடிக்கும் கதை.

2021-ல் லந்தானா புதரில் கறுப்புச் சிறகு, வெள்ளைத் திட்டு, சிவப்புப் புள்ளிகளோடு ஒன்றை எடுத்து, கிரிம்சன் ரோஸ் என்று, பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்து பெயர் சரிபார்க்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினேன். பெருமையான படம். அரை மணியில் ஒருவர் கேட்டார்: "உடம்பு என்ன நிறம்?" பெரிதாக்கிப் பார்த்தேன், கறுப்பு. கிரிம்சன் ரோஸுக்கு உடம்பே சிவப்பு. நான் எடுத்தது காமன் மார்மன் பெண். எங்கள் கருவேப்பிலையில் வளர்ந்தவளின் உறவுக்காரி! ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளைத் தின்று வளரும் கிரிம்சன் ரோஸ், காமன் ரோஸ் பட்டாம்பூச்சிகளின் உடம்பில் நஞ்சு ஏறுவதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. மார்மன் பெண்களில் ஒரு சாரார் காமன் ரோஸ் வேடம், இன்னொரு சாரார் கிரிம்சன் ரோஸ் வேடம், மற்றவர்கள் ஆண் மாதிரியே. ஒரே இனத்தில் மூன்று முகம். சிறகை மட்டும் அழகாக எடுத்து உடம்பை மங்கலாக விட்டால் இந்த வேடம் கலையாது.

பிளெய்ன் டைகருக்கும் டனெய்ட் எக்ஃபிளை பெண்ணுக்கும் இதே வழக்குத்தான். அங்கே பின்சிறகைப் பார்க்க வேண்டும். நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளி இருந்தால் பிளெய்ன் டைகர். மேல் விளிம்பில் ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்தால் போலி.

சிறகை விரித்த படம்தான் படம் என்று நினைத்து நான் இழந்தவை ஏராளம். மஞ்சள் நிறத்தில் தரையோரம் பறக்கும் கிராஸ் யெல்லோக்கள் உட்கார்ந்தால் சிறகை விரிப்பதே அபூர்வம். அவற்றை அடையாளம் காண்பதும் அடிப்பக்கத்தில்தான். முன்சிறகின் அடியில், நடுக்கட்டத்தில் இரண்டு புள்ளி என்றால் காமன், மூன்று என்றால் த்ரீ-ஸ்பாட். சின்ன நீலப் பூச்சிகளுக்கும் அடிப்பக்கம் இல்லாமல் பெயர் கிடையாது. இப்போதெல்லாம் ஒரு பூச்சிக்கு நான்கு படம் எடுக்கிறேன்: அடிப்பக்கம், முடிந்தால் மேல்பக்கம், உடம்பு, உட்கார்ந்த செடி. மாதமும் முக்கியம். காமன் ஈவினிங் பிரௌன் மழைக்காலத்தில் கண்கண்ணாகப் புள்ளி வைத்திருக்கும், வறண்ட மாதங்களில் காய்ந்த சருகாக மாறிவிடும்.

ஐநேச்சுரலிஸ்ட்டில் தேதியும் இடமும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு ரிசர்ச் கிரேடு, அதாவது ஆய்வுக்கு உதவும் தரம், ஆகும். படத்தைப் பார்த்து அந்தத் தளமே காட்டும் முதல் பெயரை அப்படியே தட்டிவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது. மார்மன் கேள்விக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

கல்லாற்றில் ஈர மணலில் ஆரஞ்சு நிறக் கூட்டம் ஒன்றைப் பார்த்த நாளை மறக்க முடியாது. உப்பு உறிஞ்ச வந்த தமிழ் மறவன்கள், 2019-ல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. மணலில் குப்புறப் படுத்து எடுத்தேன். சட்டை போச்சு, படம் தேறியது.

அந்துப்பூச்சிக்கு வருவோம். மொட்டை மாடியில் பழைய வெள்ளை வேட்டி, பின்னால் ஒரு விளக்கு, இவ்வளவுதான் கருவி. மஞ்சள் எல்இடியில் அதிகம் வராது. ஊதா பக்கம் சாயும் விளக்குக்குத்தான் நிறைய வரும். அமாவாசையை ஒட்டி, மழை ஓய்ந்த புழுக்கமான இரவில் வேட்டி நிறைந்துவிடும். பல்லிகளுக்கும் விருந்து. எதிர் வீட்டுத் தாத்தா மட்டும், "ராத்திரில என்னப்பா துணிக்கு பூஜை?" என்பார். நடு இரவுக்கு முன்பே விளக்கை அணைத்து, வேட்டியை உதறிவிடுவேன். விடியும்வரை விட்டால் கரிச்சானும் மைனாவும் வழித்துவிடும்.

பெயர் விஷயத்தில் அந்துப்பூச்சி நம்மை அடக்கிவிடும். இந்தியாவில் பட்டாம்பூச்சி சுமார் 1,300 வகை என்றால், அந்துப்பூச்சி 10,000-ஐத் தாண்டும். பலவற்றைக் குடும்பம்வரை சொன்னாலே பெரிது; சிலவற்றுக்கு உள்ளுறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் இனம் தெரியும். என்னிடம் "தெரியாது" என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் முக்கால்வாசி வேட்டியில் உட்கார்ந்தவைதான். சுலபமாகத் தெரிந்த ஒன்று: நந்தியாவட்டையில் நீலக்கண் வைத்த பச்சைப் புழு, கூடு கட்டும் முன் பழுப்பாகி, பச்சை மார்பிள் போன்ற ஓலியாண்டர் ஹாக்மாத் ஆக வந்தது.

பராமரிப்பில் என் அலட்சியம் ஒன்று. மழைக்காலம் முழுக்க ஈரப் பையில் கிடந்த ஜூமில் பூஞ்சை பிடித்துவிட்டது. சுத்தம் செய்தும் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு தடம் இருக்கிறது, படத்தில் தெரிவதில்லை. இப்போது காற்றுப்புகாத அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வாழ்கிறது. டப்பா போனதில் அம்மாவுக்குக் கோபம். அதைவிடக் கோபம் கருவேப்பிலை பற்றி: "ஏஞ்சாமி, புழுவுக்குத்தான் செடின்னா, நான் கடைலயே வாங்கிக்கறேன் போ."

ஓரங்கட்டின 8 டயாப்டரை விற்க நினைத்து, இன்னும் விற்கவில்லை. இலை நுனியில் ஒட்டியிருக்கும் மிளகை விடச் சின்ன மஞ்சள் முட்டை ஓடிப்போகாதே, அதற்கு அரைச் சாண் போதும். போன வாரம் அம்மாவே மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்: "இங்க ரெண்டு முட்ட வெச்சிருக்குது பாரு, சீக்கிரம் எடுத்துட்டு விடு, ரசத்துக்கு இலை பறிக்கோணும்."