17,450 ரூபாயும் 200 மயில் அட்டைகளும்: வீட்டில் பேப்பர் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

என் மயில் அட்டைகளை வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி என்னிடம் பணம் வாங்கிய ஆன்லைன் தளத்துப் பெண்ணின் நம்பர், காலை பதினொரு மணி வரைக்கும் ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. மத்தியானத்திலிருந்து சுவிட்ச் ஆஃப். வாட்ஸ்அப்பில் அவளின் போட்டோவும் காணோம். போனது 17,450 ரூபாய். கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பி வரும் என்று எழுதவில்லை. என்னை மாதிரி வீட்டில் உட்கார்ந்து குவில்லிங் (மெல்லிய காகிதப் பட்டையைச் சுற்றி உருவம் செய்வது), வாழ்த்து அட்டை, ரிட்டர்ன் கிஃப்ட் டப்பா என்று செய்துகொண்டிருக்கிற இன்னொருத்தி அடுத்த வாரம் அவர்களிடம் பணம் கட்டிவிடக்கூடாது. அதற்காகத்தான். என்னென்ன பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குப் பாளையங்கோட்டை. நாலு வருஷமாகப் பேப்பர் வேலை செய்கிறேன். மகளின் பள்ளிக்கூட புராஜெக்டில் தொடங்கியது. அப்புறம் ஆசிரியர் தினத்துக்கு அட்டை, வளைகாப்புக்குச் சின்ன டப்பா, சீர்த்தட்டுக்குக் காகிதப் பூ, தாம்பூலப் பை என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். மாதம் இரண்டாயிரம், நல்ல முகூர்த்த மாதம் என்றால் மூவாயிரம் கிடைக்கும். பெரிய தொகை இல்லை. ஆனால் யாரிடமும் கை நீட்டாமல் மகளுக்கு ஃபீஸ் பாக்கி கட்ட முடிந்தது.

வைகாசியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பெண்கள் வீட்டில் செய்கிற கைவினைப் பொருளை மொத்தமாக வாங்கி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் விற்கிறோம் என்று சொல்லும் ஆன்லைன் தளம். பேர் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பேர் தெரிந்தாலும் பிரயோஜனம் இல்லை, நாளைக்கு வேறு பேரில் வருவார்கள். எப்படிப் பேசுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் பணமே கேட்கவில்லை. "நீங்க செஞ்ச மயில் அட்டை 20 அனுப்புங்க, பார்க்கிறோம்" என்றார்கள். என் சொந்தப் பட்டையில் செய்து அனுப்பினேன். இரண்டே நாளில் அட்டைக்கு 45 ரூபாய் வீதம் 900 ரூபாய் ஜிபேயில் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி அவர்களின் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் வீடியோ காலில் வந்தாள். "அக்கா, நானும் அம்பாசமுத்திரம்தான்" என்றாள். பேச்சும் நம்ம ஊர்ப் பேச்சாகவே இருந்தது. நான் ஏமாந்தது அந்தப் பேச்சில்கூட இல்லை, அதற்குப் பிறகு அவள் சொன்னதில்தான்.

குவில்லிங் செய்கிறவர்களுக்குப் புரியும். 3 மில்லிமீட்டர் பட்டையை ஊசியின் பிளவில் கோர்த்துச் சுற்றி, வட்டப் பலகையில் ஒரே அளவுக்கு விரியவிட்டு, ஒரு முனையைக் கிள்ளினால் கண்ணீர்த்துளி வடிவம் வரும். மயில் தோகைக்கு அதை அப்படியே வைத்தால் உயிர் இருக்காது. நான் சுழியின் நடுப்புள்ளியைக் குண்டூசியால் ஒரு ஓரமாக இழுத்து, அங்கே துளி ஃபெவிக்கால் தொட்டு, காயும்வரை பிடித்திருப்பேன். அப்போதுதான் தோகைக் கண் மாதிரி இருக்கும். ஒரு அட்டைக்கு 11 தோகை, 11 தடவை இதைச் செய்ய வேண்டும். இத்தனை வருஷத்தில் என்னிடம் அட்டை வாங்கிய யாரும் இதைக் கவனித்ததில்லை. "அழகா இருக்கு" என்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் அட்டையைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து, "நடுச்சுழியை ஓரமா இழுத்து ஒட்டியிருக்கீங்களே அக்கா, இதுக்கு எவ்வளவு பொறுமை வேணும்" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் விழுந்துவிட்டேன்.

மறுநாள் ஒப்பந்தம் வந்தது. 30 நாளில் 200 அட்டை, அட்டைக்கு 45 ரூபாய். முன்பணம் 9,500 ரூபாய், முதல் சரக்கு தேறியதும் திருப்பித் தருவார்கள். பொருள் கிட் 6,800 ரூபாய், அதை அவர்களிடமே வாங்க வேண்டும், "எல்லா அட்டையும் ஒரே தரமா இருக்கணும்ல". மகளிர் குழுவில் எடுத்த 15,000 கடன், மதினியிடம் வாங்கிய கைமாற்று, எல்லாம் சேர்த்து 16,300 கட்டினேன்.

கட்டுவதற்கு முன்னால் அத்தை ஒரு கேள்வி கேட்டார்கள். என் மாமியார் முப்பது வருஷம் பீடி சுற்றியவர்கள். எங்கள் பக்கத்தில் மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற சொளவு (முறம்) இல்லாத தெரு ஏது? அத்தை கேட்டார்கள்: "ஏட்டி, வாங்குதவன் எதுக்கு ஒங்கிட்ட துட்டு கேக்கான்? இலையும் தூளும் கம்பெனி தரும், நாங்க சுத்திக் குடுப்போம், ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி அவன் தருவான். நா ஒரு நாளும் அவனுக்குத் துட்டு குடுக்கலியே."

"அது வேற அத்தை, இது ஆன்லைன்" என்று சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

கிட் ஒரு வாரம் தாமதமாக வந்தது. பிரித்ததுமே தெரிந்தது. 120 ஜி.எஸ்.எம். (காகிதத்தின் கனம்) பட்டை என்று எழுதியிருந்தார்கள், விரலில் வைத்துப் பார்த்தால் ஜெராக்ஸ் பேப்பர் கனம்கூட இல்லை. சுழி நிற்காமல் தளர்ந்து போனது. சிவப்பிலும் நீலத்திலும் பசை பட்டால் சாயம் இறங்கி, பீட்ரூட் நறுக்கியதுபோல விரல் சிவந்தது. இதே அளவு நல்ல பட்டையை டவுன் கடையில் வாங்கியிருந்தால் 1,500 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். கிட்டோடு அவர்கள் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு மயில் அட்டை மட்டும் நல்ல காகிதம். அதன் கொண்டையில் தங்க விளிம்புப் பட்டை இருந்தது. கிட்டில் அந்தப் பட்டை இல்லையே என்று கேட்டேன். "பரவாயில்லக்கா, மஞ்சள் போட்டுக்கோங்க" என்றாள். இந்தத் தங்கக் கொண்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் முழுக்க இதே வேலை. அந்த மாதத்துக் காற்று உங்களுக்குத் தெரியும். ஜன்னலை ஒரு விரல் திறந்தால் பட்டை எல்லாம் பறந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு உட்காருவேன். ஒரு அட்டைக்குக் குறைந்தது 40 நிமிஷம். வேர்வை அட்டையில் சொட்டாமல் இருக்கத் தோளில் துண்டு போட்டுக்கொண்டு செய்தேன். சாயம் இறங்காமல் இருக்கப் பசையைப் பல்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தேன். மகள் பட்டை பிரித்துக் கொடுத்தாள். நெல்லையப்பர் தேருக்கு வருஷா வருஷம் போவோம், இந்த வருஷம் அவளை அவள் அப்பாவோடு அனுப்பிவிட்டு நான் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். 29-வது நாள் 200 அட்டையும் பொதிந்து கூரியரில் போட்டேன். கூரியர் 1,150 ரூபாய், அதுவும் என் பணம். ஆக 17,450.

நாலு நாள் கழித்து "தரப் பரிசோதனை அறிக்கை" என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் போட்டோ, பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. வந்தவை 201, தேறியவை 0.

காரணம் என்ன தெரியுமா? பாதிக்கு "சாயம் பரவியுள்ளது". அது அவர்கள் கொடுத்த பட்டை! மீதிக்கு "சுழி மையத்தில் இல்லை". எந்தச் சுழியைப் பார்த்து அவள் என்னைப் பாராட்டினாளோ, அதே சுழி.

முதலில் அழுதேன். அப்புறம்தான் அந்த எண் உறைத்தது. நான் அனுப்பியது 200. அது எப்படி 201? மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன், அவர்கள் கொடுத்த மாதிரி அட்டை இல்லை. பொதியும்போது கைதவறி அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிக்கொண்டே போனேன். 137-வது போட்டோவில் இருந்தது, தங்க விளிம்புக் கொண்டையோடு. பக்கத்தில் சிவப்புக் குறி, "சுழி மையத்தில் இல்லை". அவர்கள் மாதிரியையே அவர்கள் தள்ளியிருக்கிறார்கள். போட்டோ எடுத்தார்களே தவிர, யாரும் ஒரு அட்டையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் தள்ளுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டுத்தான் என்னை ஒரு மாதம் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அத்தையிடம் காட்டினேன். "பீடியிலயும் கழிப்பாவட்டி. இலை கிழிஞ்சிருக்கு, தூள் கொறைச்சல்னு கழிப்பாவ, சண்ட போடுவோம். ஆனா மொத்தத்தையும் கழிச்சவன நா பாத்ததில்ல" என்றார்கள்.

அந்த 137-வது போட்டோவை அனுப்பி விளக்கம் கேட்டேன். நீல டிக் விழுந்தது, கேட்ட விளக்கம் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து 19 நாள். முதல் மூன்று நாள் "அக்கா, டீம்ல பேசிட்டு சொல்றேன்". நாலாம் நாளிலிருந்து நான் "மேடம்" ஆகிவிட்டேன். "மேடம், அது சிஸ்டம் போடற ரிப்போர்ட், நாங்க மாத்த முடியாது." கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் பாட்டு ஓடும், பத்து நிமிஷத்தில் கட்டாகும். மெசேஜ் போட்டால் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்று வரும். அந்த 48 மணி நேரம் எனக்கு ஆறு தடவை வந்துவிட்டது. பிறகு ஒருத்தன் பேசினான், குரலை உயர்த்தியே பேசினான். 4,000 ரூபாய் கட்டினால் மறுபரிசோதனை செய்வார்களாம். கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதற்கு வக்கீல் நோட்டீஸ் வருமாம். அட்டைகளையாவது திருப்பி அனுப்புங்கள், இங்கே விற்றுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அதற்கும் 1,800 ரூபாய் கேட்டான்.

ஒரு பைசா கட்டவில்லை. இன்னொரு முறை ஏமாற மாட்டேன். நோட்டீஸ் என்றதும் பயந்து 4,000 கட்டியவர்கள் எத்தனை பேரோ.

நேற்று என் தம்பி வந்து அவர்கள் கொடுத்த பில்லை எடுத்துப் பார்த்தான். ஜி.எஸ்.டி. எண் என்று போட்டிருந்ததைப் பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினான். அந்த எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 15 இருக்க வேண்டும். இதில் 14தான் இருந்தது. இரண்டு மாதமாக இந்தப் பில்லைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருந்தேன், ஒரு நாள்கூட எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. அவனே ஆன்லைன் பண மோசடிக்கான புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகாரைப் பதிய வைத்தான். பணம் போன உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்க வழி இருந்திருக்கும் என்றார்கள். நான் கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது.

விவரமாகச் சொல்கிறேன் என்று மேலே எழுதினேன், மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உங்கள் பொருளை வாங்குகிறேன் என்று சொல்கிறவன் முன்பணம், கிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பேரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதலில் அனுப்பிய சின்ன ஆர்டருக்கு உடனே பணம் வந்தது என்பதற்காக நம்பாதீர்கள், என் 17,450-க்கு அவர்கள் வைத்த இரை அந்த 900 ரூபாய். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை அரசு ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பாருங்கள், பேரும் ஊரும் வரும், இரண்டு நிமிஷ வேலை. சரக்கு அனுப்பும் முன் எண்ணி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, பெட்டியை ஒட்டுவதையும் வீடியோ எடுத்து வையுங்கள். ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே 1930-க்குச் சொல்லுங்கள். நான் 19 நாள் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தம்பியோடு சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் போகிறேன். பில், ஒப்பந்தம், 201 போட்டோ எல்லாம் பிரிண்ட் எடுத்துவிட்டோம். கொண்டையில் தங்க விளிம்பு வைத்த மயில் மாதிரி அட்டை உங்களில் யாருக்காவது கிட்டோடு வந்திருந்தால் அதைத் தூரப் போடாதீர்கள், எனக்கு மெசேஜ் போடுங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் யாராக இருந்தாலும் சரி, சேர்ந்தே போய் மனு கொடுப்போம்.