அக்ரிலிக் நகம் வைக்கும் முன் அந்த லிக்விட் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள்

பில்லில் ‘அக்ரிலிக் எக்ஸ்டென்ஷன்’ என்றுதான் இருக்கும். விரலில் பூசியது எம்எம்ஏவாக இருக்கலாம். மெதில் மெத்தக்ரிலேட் என்கிற இந்தத் திரவம் பல் செட் செய்யவும், செயற்கை மூட்டைப் பொருத்தும் எலும்பு சிமென்ட்டிலும் பயன்படுவது. நகத்துக்கான லிக்விடில் இருக்க வேண்டியது ஈஎம்ஏ, அதாவது ஈதைல் மெத்தக்ரிலேட். எம்எம்ஏ அதைவிட மிக மலிவு. அந்தக் காசை மிச்சம்பிடிக்கத்தான் சில சலூன்கள் வாடிக்கையாளரின் நகத்தைப் பலி கொடுக்கின்றன.

இது புதிய பிரச்சினை அல்ல. நகம் உருக்குலைகிறது, விரல் தோல் புண்ணாகிறது என்று 1970களின் தொடக்கத்தில் புகார்கள் வந்ததும், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நீதிமன்றம் வரை போய் 100 சதவீத எம்எம்ஏ லிக்விடுகளைச் சந்தையிலிருந்து அகற்றியது. ஆனாலும் அதைப் பெயர் சொல்லித் தடுக்கும் மத்திய விதி அங்கே வரவில்லை. பல மாநிலங்கள் தாமாகவே சலூன்களில் தடைசெய்தன.

எம்எம்ஏ காய்ந்தால் கல்லாக இறுகும், வளைந்து கொடுக்காது. வழுவழுப்பான நகத்தில் சரியாகப் பிடிக்காது என்பதால் டிரில் மெஷினால் நகத்தின் மேல் அடுக்கைத் தேய்த்தெடுத்துவிட்டுப் பூசுவார்கள். கீழே காகிதம் போல் மெலிந்த நகம், மேலே கல். கார் கதவில் ஒரு இடி பட்டால் அக்ரிலிக் உடையாது, சொந்த நகம் சதையை விட்டுப் பிய்ந்து வரும். ஈஎம்ஏ என்றால் பெரும்பாலும் அக்ரிலிக்கே விரிசல் விட்டு விரலைக் காப்பாற்றிவிடும்.

கண்டுபிடிக்க வாசனையை மட்டும் நம்பாதீர்கள். எம்எம்ஏ நெடி மூக்கைத் துளைக்கும் என்பது உண்மை, ஆனால் ஈஎம்ஏவும் நாறும். பாட்டிலைக் கேளுங்கள். லேபிளிலோ பாதுகாப்புத் தாளிலோ சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள அடையாள எண் இருக்கும்: 80-62-6 என்றால் எம்எம்ஏ, 97-63-2 என்றால் ஈஎம்ஏ. லிக்விடோடு சேர்க்கும் பவுடரின் டப்பாவில் ‘பாலிமெதில் மெத்தக்ரிலேட்’ என்று இருந்தால் பதற வேண்டாம். அது ஏற்கெனவே இறுகி முடிந்த பாலிமர், சிக்கல் லிக்விடில்தான். பெயரில்லாத பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

லேபிளும் பொய் சொல்லும். 2012இல் கலிஃபோர்னியா அரசுத் துறை நெயில் பாலிஷ்களைச் சோதித்தபோது, டொலுயீன் என்கிற நச்சுக் கரைப்பான் ‘இல்லை’ என்று சொல்லி விற்ற 12 பாலிஷ்களில் 10இல் அது இருந்தது. அதனால் கழற்றும்போதும் கவனியுங்கள். ஈஎம்ஏ அக்ரிலிக் அசிட்டோன் என்கிற கரைப்பானில் சுமார் அரை மணி நேரம் ஊறினால் குழைந்து வழிந்துவிடும். ஒரு மணி நேரம் ஊறியும் கெட்டியாக நின்றால் சந்தேகப்படுங்கள். அப்போது நெம்பி எடுக்க விடவே கூடாது. பெரிய சேதம் அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது. ஒட்ட வெட்டி, மெதுவாகத் தேய்த்து மெலிதாக்கி, வளர்ந்து வெளியேற விடுங்கள். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுதாக மாற ஆறு மாதம் ஆகும்.

ஊற வைக்கும் இடத்தில் மெழுகுவர்த்தியோ ஊதுபத்தியோ எரியக் கூடாது. அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிப் போய்த் தீப்பிடிக்கும்.

வேலை செய்யும் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் முகர்வதை அவர்கள் நாள் முழுக்க முகர்கிறார்கள். சாதாரண மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. மேசையிலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி வேண்டும். லேடெக்ஸ் கையுறை போதாது. நைட்ரைல் வேண்டும், லிக்விட் பட்டதும் மாற்ற வேண்டும்.

ஜெல்லுக்கு மாறினால் தப்பித்தோம் என்று இல்லை. பல ஜெல்களில் உள்ள ஹெமா என்கிற வேதிப்பொருளும் மெத்தக்ரிலேட்தான். ஜெல்லை இறுக வைக்க அதற்குப் பொருந்தாத விளக்கில் காட்டினாலோ, தடிமனாகப் பூசினாலோ உள்ளே இறுகாமல் நின்று தோலில் பட்டு ஒவ்வாமை கிளப்பும்.

நகத்தைச் சுற்றி அரிப்பு, கொப்புளம், நகம் தூக்கிக்கொள்வது தெரிந்தால் உடனே நிறுத்தி, தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) கேளுங்கள். மெத்தக்ரிலேட் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போகாது. பல் அடைக்கவோ மூட்டு மாற்றவோ போகும்போது மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டிய விஷயம் இது.