மாதிரி பிரமாதம், சரக்குதான் சொதப்பல்

என் பெயரில் சாக்லேட் செய்து தர ஓர் ஆலையைப் பிடிக்க நான்கு மாதம் அலைந்தேன், பெரிய ஆலைக்காரர்கள் குறைந்தபட்ச ஆர்டரே ஒரு டன் என்றதும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன், கடைசியில் 100 கிலோவுக்குச் சம்மதித்த சின்ன ஆலை ஒன்று கிடைத்தது. மாதிரி பிரமாதம். உடைத்தால் டக்கென்று சத்தம், மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. சரி என்று முன்பணம் கட்டினேன்.

வந்த சரக்கில் பாதிப் பெட்டி சாம்பல் பூத்தாற்போல வெள்ளைப் படலம். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28க்கு ஆறவைத்து, மறுபடி 31, 32க்குக் கொண்டுவந்துதான் அச்சில் ஊற்ற வேண்டும், அதில் அவசரப்பட்டால் கொக்கோ வெண்ணெய் சரியாக உறையாமல் இப்படிப் பூத்துவிடும். வண்டியில் சூடு பட்டிருக்கும் என்றார்கள். மாதிரியும் அதே வண்டியில்தானே வந்தது! சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் பரிசுப் பெட்டியில் வைத்து யாரிடம் விற்பது? இரண்டு வாரம் இழுத்தடித்து மாற்றிக் கொடுத்தார்கள், அந்த மட்டில் பரவாயில்லை.

அப்புறம், அதே உற்பத்தி லைனில் வேர்க்கடலையும் ஓடுகிறது என்பதை நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கையைச் சேர்த்து லேபிள் மொத்தமும் மறுபடி அச்சடித்தேன், என் செலவில். ஐந்துக்கு இரண்டரை, அதுவும் சுவைக்காக.